வயசானவங்க ஆஸ்பத்திரியில படுத்தா காலும் கூடவே படுத்துக்குது: கூட இருக்குறவங்களுக்கு சாப்பாடு, நடை பத்தி ஒரு முழு வழிகாட்டி

அப்பாவுக்கு நிமோனியா, 74 வயசு. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோவுல இருந்து தானே இறங்கி "நான் நடந்துக்குவேன், நீ போய் சீட்டு எடு"ன்னு சொன்ன மனுஷன். ஒன்பது நாள்ல காய்ச்சல் போச்சு, சளி குறைஞ்சுது, ஆக்சிஜன் எடுத்தாச்சு, டிஸ்சார்ஜ் சம்மரியில எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்துச்சு. ஆனா வீட்டு வாசல்ல இருக்குற ரெண்டே ரெண்டு படி ஏற முடியல. நானும் தம்பியும் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு தூக்கிட்டு போனோம். அவர் பழையபடி தெருமுனை டீக்கடைக்கு போக நாலு மாசம் ஆச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா பின்கட்டுல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன். பெரிய கேஸ்னா அதுதான், ஆனா அம்மா வாக்கர் வெச்சு தானே வீட்டுக்குள்ள நடந்து வந்தாங்க. ரெண்டுக்கும் நடுவுல மாறினது மருந்து இல்ல, கூட இருந்த எங்களுக்கு விஷயம் கொஞ்சம் தெரிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். அதைத்தான் எழுதுறேன். நான் டாக்டர் கிடையாது, உங்க ஆளோட நோய்க்கு எது சரின்னு அந்த வார்டு டாக்டர்தான் சொல்லணும். ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரியாமதான் நம்மள்ல பாதி பேர் நிக்கிறோம்.

முதல்ல, படுக்கை என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குங்க

2007-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி. நோய் நொடி இல்லாத, சராசரி 67 வயசுக்காரங்க கொஞ்ச பேர பத்து நாள் சும்மா படுக்க வெச்சாங்க, சாப்பாடு சரியா குடுத்துதான். பத்தே நாள்ல கால் ரெண்டுலயும் சேர்த்து கிட்டத்தட்ட 1 கிலோ சதை போச்சு. ஆரோக்கியமானவங்களுக்கே இப்படின்னா, காய்ச்சலோட, வாய்க்கசப்போட, பாதி தட்டு சாப்பாட்டோட படுத்திருக்குற 75 வயசுக்காரருக்கு என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. உடம்புக்குள்ள கிருமியோட சண்டை நடக்கும்போது அந்த தேவைக்கு உடம்பு நம்ம சதையையே உடைச்சு எடுத்துக்கும், மேல இருந்து புரதம் வரலைன்னா அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருக்கும். இளவயசுல போற சதை திரும்ப வந்துடும், 75-ல அவ்ளோ சுலபமா வராது.

அதனால செய்ய வேண்டியது ரெண்டு: புரதம் உள்ள போகணும், கால் தரையில படணும். ஒண்ண மட்டும் செஞ்சா முழு பலன் கிடைக்காது. படுத்துக்கிட்டே முட்டை சாப்பிட்டா சதையா மாறாது, வெறும் வயித்தோட நடக்க விட்டா இருக்குற சதையும் கரையும்.

அட்மிஷன் அன்னைக்கே செய்யுறது

நோட்டு ஒண்ணு வாங்குங்க, நாற்பது பக்கம் போதும். முதல் பக்கத்துல ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்கன்னு எழுதுங்க: தானே குளிச்சாங்களா, கோலம் போட்டாங்களா, மாடி ஏறினாங்களா, பாத்ரூமுக்கு தனியா போனாங்களா. இது ஏன்னா, வார்டுல இருக்குற டாக்டருக்கும் சிஸ்டருக்கும் அவர் கட்டில்ல கெடக்குற கிழவராதான் தெரிவாரு, போன வாரம் வரைக்கும் சைக்கிள் ஓட்டினவர்னு நாம சொன்னாதான் தெரியும். சொன்னதும் அவங்க பேசுற தோரணையே மாறும், நான் பாத்திருக்கேன்.

எடை போடச் சொல்லுங்க. மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள சும்மாவே எடை குறைஞ்சிருக்கான்னு யோசிங்க: 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்திருந்தாலே கவனிக்கணும், 54-க்கு வந்திருந்தா அன்னைக்கே டயட்டீஷியன் பாக்கணும்னு கேளுங்க. நிக்க முடியாதவங்களுக்கு தையல் டேப் எடுத்து கெண்டைக்கால்ல நல்லா தடிச்ச இடத்துல சுத்தி அளங்க, 31 செண்டிமீட்டருக்கு கம்மின்னா சதை குறைவுன்னு வெச்சுக்கலாம். கால் வீங்கியிருந்தா இந்த அளவ நம்பாதீங்க.

அப்புறம் வீட்டுல இருந்து மூணு பொருள் வரணும்: பல்செட், கண்ணாடி, காது மிஷின். சிரிக்காதீங்க. அப்பா சாப்பிட மாட்டேங்குறார், சாப்பிட மாட்டேங்குறார்னு ஒன்பது நாள் புலம்பினோம், பல்செட் வீட்டு பாத்ரூம் அலமாரியில கிண்ணத்துல மிதந்துகிட்டு இருந்துச்சு. கண்ணாடியும் காதும் இல்லாட்டி ராத்திரியில குழப்பம் வேற வரும், எங்க இருக்கோம்னு தெரியாம ட்ரிப்ஸ் ஊசிய பிடுங்குறதெல்லாம் பாதி அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ட்ரிப்ஸ் ஓடுதேன்னு நிம்மதியா இருக்காதீங்க

"குளுக்கோஸ் ஏறுது, சத்து போகுது, சாப்பிடலைன்னா பரவாயில்ல." இத சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. கணக்கு பாருங்க. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில்ல இருக்குறது 25 கிராம் சர்க்கரை, 85 கலோரி சுமார். ஒன்றரை இட்லி. புரதம் சைபர். சலைன் பாட்டில்னா கலோரியும் சைபர், உப்புத்தண்ணிதான். நீர்ச்சத்துக்கும் மருந்து ஏத்தவும்தான் அது, சாப்பாட்டுக்கு பதில் இல்ல.

எவ்வளவு வேணும், எங்க இருந்து எடுக்குறது

உடம்பு சரியில்லாத வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2-ல இருந்து 1.5 கிராம் புரதம்னு நிபுணர் குழுக்கள் சொல்றாங்க, கலோரி கிலோவுக்கு 30 சுமார். 55 கிலோ ஆளுன்னா 66-ல இருந்து 82 கிராம் புரதம், 1650 கலோரி. இப்ப அப்பா அந்த ஒன்பது நாள் சாப்பிட்டத பாருங்க: காலையில காபி, ரெண்டு இட்லி, பதினோரு மணிக்கு இளநீர், மத்தியானம் அரை தட்டு ரசம் சாதம், சாயங்காலம் டீயும் ரெண்டு ரஸ்க்கும், ராத்திரி அரிசிக் கஞ்சி. எப்படி கூட்டினாலும் 20 கிராம் தாண்டாது. நாங்க யாரும் பட்டினி போடல, நேரா நேரத்துக்கு குடுத்துக்கிட்டேதான் இருந்தோம். உடம்பு சரியில்லைன்னா கஞ்சி, ரசம், பிரெட்டுன்னு நம்ம ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு, அதுல வயிறு ரொம்பும், சதைக்கு ஒண்ணும் போகாது. பாக்க வர்றவங்க பையிலயும் அதேதான், ஆப்பிள், பிரெட், மால்ட் பவுடர் பாட்டில், சாத்துக்குடி. யாராவது ஒருத்தர் அவிச்ச முட்டை கொண்டாந்து பாத்திருக்கீங்களா?

அம்மா தடவை இப்படி பண்ணினோம். காலையில காபிக்கு பதிலா ஒரு டம்ளர் பால்ல கொழுப்பு நீக்கின பால்பவுடர் ரெண்டு டேபிள்ஸ்பூன் கரைச்சு, அதுலயே கொஞ்சம் டிகாஷன் விட்டு (காபி வாசனை இல்லாட்டி அம்மா தொடமாட்டாங்க), அதுல 11 கிராம். டிபனுக்கு ரெண்டு இட்லி, கெட்டி சாம்பார், ஒரு முட்டை, 13 கிராம். பதினோரு மணிக்கு பொட்டுக்கடலைய மிக்சியில மாவா அடிச்சு வெச்சிருந்தோம், ஒரு கைப்பிடி எடுத்து மோர்ல கரைச்சு உப்பு பெருங்காயம் போட்டு, 5 கிராம். மத்தியானம் குழைஞ்ச பருப்பு சாதம் நெய் விட்டு, முள் எடுத்த மீன் ரெண்டு துண்டு, கொஞ்சம் தயிர், எல்லாம் சேர்த்து 27 வரும். நாலு மணிக்கு மறுபடி அந்த பால். ராத்திரி பாசிப்பருப்பு கிச்சடி, ஒரு முட்டை, 14. மொத்தம் 80 பக்கம் வந்துடுது. ஒரு நாள் கூட முழுசா சாப்பிடல, முக்கால்வாசிதான், இருந்தாலும் 60 போச்சு.

சைவம்னா மீனுக்கு பதிலா பன்னீர் 75 கிராம், இல்ல மீல்மேக்கர் 25 கிராம் ஊறவெச்சு பொடியா நறுக்கி, ரெண்டுலயும் 13 கிராம் கிட்ட வரும். மெல்ல முடியாதவங்களுக்கு எல்லாத்தையும் கிச்சடியில போட்டு மசிச்சுடுங்க. ஒரு வேளையில மொத்தமா கொட்டாம ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுலயும் 25 கிராம் பக்கம் வர்ற மாதிரி பாத்துக்கிட்டா நல்லது, வயசானவங்க சதைக்கு கொஞ்சம் கொஞ்சமா தூவினா உறைக்காது. புரோட்டீன் பவுடர் டாக்டர் எழுதினா வாங்குங்க, வாங்குறதுக்கு முன்னாடி டப்பா பின்னாடி 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம்னு படிங்க, சிலதுல முக்கால்வாசி சர்க்கரையும் மாவும்தான்.

ஜி.எச்-னாலும் சரி தனியார்னாலும் சரி, வெளிச் சாப்பாடு குடுக்கலாமான்னு முதல்ல கேட்டுக்குங்க. வார்டுல குடுக்குற முட்டையும் பாலும் நல்ல சாப்பாடு, அத கூட இருக்குறவங்க சாப்பிட்டுட்டு பேஷண்ட்டுக்கு கேண்டீன் பொங்கல் வாங்கிக் குடுக்குற கூத்தையும் பாத்திருக்கேன்.

இவங்களுக்கு மட்டும் கேக்காம கூட்டாதீங்க

கிட்னி ரொம்ப கெட்டுப் போய் டயாலிசிஸ் இல்லாம இருக்குறவங்களுக்கு புரதம் எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும், அவங்களுக்கு இளநீர்ல இருக்குற பொட்டாசியமும் ஆபத்து. டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு நேர்மாறா புரதம் அதிகமா வேணும், அதனால "கிட்னின்னா பருப்பு கூடாது"ன்னு பொதுவா நிறுத்தாதீங்க. இதய பலவீனம்னா தண்ணி அளவு உண்டு.

அஞ்சு நாளைக்கு மேல கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாம இருந்தவங்க, இது முக்கியம், திடீர்னு நிறைய குடுத்தா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சரிஞ்சு இதயத்தையே பாதிக்கலாம். டாக்டர்கிட்ட "இத்தனை நாளா சாப்பிடல"ன்னு தெளிவா சொல்லுங்க, அவங்க ரத்தம் பாத்து வைட்டமின் பி1 குடுத்து மெதுவா ஏத்துவாங்க.

சுகர் இருக்குறவங்களுக்கு வேற ஒரு பொறி இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற இன்சுலின் போட்டாச்சு, தட்டு அப்படியே இருக்கு. இதுல லோ சுகர் ஆகி வேர்த்துப் போய் மயங்குறது சாதாரணமா நடக்கும். சாப்பிட மாட்டார்னு தோணுச்சுன்னா ஊசிக்கு முன்னாடியே சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க.

ஊட்டுற விதம்

கட்டில்ல படுக்க வெச்சு ஊட்டாதீங்க. சேர்ல, முடியலைன்னா கட்டில் தலைப்பக்கம் முழுசா தூக்கி நேரா உக்கார வெச்சு, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே. தண்ணி குடிச்சதும் இருமல் வருதா, குரல் களகளன்னு ஈரமா கேக்குதா, அப்ப நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க, நுரையீரலுக்குள்ள போகுதுன்னு அர்த்தமா இருக்கலாம். பக்கவாதம் வந்தவங்களுக்கு விழுங்குறத பரிசோதிக்காம வாய்ல ஒரு சொட்டு விடாதீங்க.

கை வேலை செஞ்சா ஸ்பூன அவங்க கையில குடுங்க. சிந்தும், துண்டு போட்டுக்கலாம். அவங்களே சாப்பிடுறதும் ஒரு பயிற்சிதான்.

நோட்டுல ஒவ்வொரு வேளைக்கும் கால், அரை, முக்கா, முழுசுன்னு ஒரே வார்த்தை எழுதுங்க. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து அரைக்கு கீழ இருந்தா ரவுண்ட்ஸ்ல அந்த பக்கத்த காட்டுங்க. "சரியா சாப்பிடலை சார்"னு வாயால சொன்னா "சரியாகிடும்மா"ன்னு போயிடுவாங்க, எழுதி காட்டினா நின்னு பாப்பாங்க. மலச்சிக்கல், வாய்ப்புண், வலி, ஏதாவது மாத்திரை, இதுல ஒண்ணு பசிய கொன்னுருக்கும், அத கண்டுபிடிக்கச் சொல்லுங்க. உப்பில்லா சாப்பாடுன்னா எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க.

சாப்பாடு ஒண்ணும் சும்மா சம்பிரதாயம் இல்ல. ஸ்விட்சர்லாந்துல எட்டு ஆஸ்பத்திரியில ரெண்டாயிரம் பேருக்கு மேல வெச்சு பாத்தாங்க, 2019-ல வெளிவந்துச்சு. ஊட்டச்சத்து குறைஞ்ச நோயாளிகள்ல ஒரு பாதிக்கு வழக்கமான ஆஸ்பத்திரி சாப்பாடு, இன்னொரு பாதிக்கு ஆளுக்கு தகுந்த கணக்குல சாப்பாடு. 30 நாள்ல இறந்தவங்க முதல் குழுவுல 9.9 சதவீதம், ரெண்டாவதுல 7.2.

வெறும் வயிறு வம்பு

ஸ்கேனுக்கு காலையில இருந்து சாப்பிடாம இருக்கணும்னுட்டு போவாங்க, கூப்பிடுறது மதியம் ரெண்டரைக்கு. அப்பாவுக்கு ரெண்டு தடவை இப்படி ஆச்சு, அதுல ஒரு தடவை மிஷின் ரிப்பேர்னு திருப்பி அனுப்பினாங்க, நான் அன்னைக்கு போட்ட சண்டை அந்த மாடி முழுக்க கேட்டிருக்கும். இப்ப கேக்குறது: எத்தனை மணிக்கு சார், எதுவரைக்கும் சாப்பிடலாம், தண்ணியாவது குடிக்கலாமா? மயக்க மருந்துக்கு பொதுவா திடமான சாப்பாடு 6 மணி நேரம், தெளிஞ்ச தண்ணி 2 மணி நேரம்தான் கணக்கு, ஆனா உங்க கேஸ்ல மயக்க டாக்டர் சொல்றதுதான் முடிவு. டெஸ்ட் தள்ளிப் போச்சுன்னா உடனே ஃப்ளாஸ்க்க திறங்க, அடுத்த வேளை வரைக்கும் காத்திருக்காதீங்க.

எழுப்புறது

நம்ம பாசம் இங்கதான் எதிரி. "அப்பா நீங்க படுங்க, எதுக்கு எழுந்திரிக்கிறீங்க, நான் எடுத்துத் தரேன்." தண்ணி எடுத்துக் குடுத்து, பெட்பேன் வெச்சு, டயப்பர் கட்டி, ஒன்பது நாள் அவர் பாதம் தரைய தொடவே இல்ல. யாரும் தடை போடல, நாங்களாதான் போட்டோம்.

ரவுண்ட்ஸ்ல ஒவ்வொரு நாளும் கேளுங்க: உக்கார வைக்கலாமா, நிக்க வைக்கலாமா, நடக்கலாமா, கூடாதுன்னா எதனால? கூடவே, யூரின் ட்யூப் இன்னும் தேவையான்னும் கேளுங்க, அது ஒரு கயிறு மாதிரி ஆள கட்டில்லயே கட்டிப் போட்டுடும், இன்ஃபெக்‌ஷனும் வரும். மறந்து போய் விட்டு வெச்ச ட்யூப்பும் உண்டு.

அனுமதி கிடைச்சதும் படிப்படியா. படுத்திருக்கும்போதே மணிக்கு ஒரு தடவை பாதத்த மேலயும் கீழயும் பத்து தடவை ஆட்டச் சொல்லுங்க. அப்புறம் ஒருக்களிச்சு படுக்க வெச்சு, கால கட்டிலுக்கு வெளிய தொங்க விட்டு, மெல்ல உக்கார வைங்க. உக்கார்ந்ததும் எழுப்பிடாதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் பேச்சு குடுங்க, நான் அம்மாகிட்ட பேத்தி பேர் எல்லாம் வரிசையா கேப்பேன், நடுவுல தலை சுத்துதான்னும் கேட்டுக்குவேன். நாள் கணக்குல படுத்தவங்க எழுந்தா பிரஷர் இறங்கும், அதனாலதான் இந்த நிதானம். பிறகு நிக்கிறது, பக்கத்து சேருக்கு ரெண்டு அடி. மூணு வேளை சாப்பாடும் அந்த சேர்லதான்னு வெச்சுக்கிட்டீங்கன்னா தனியா பயிற்சின்னு சொல்லாமலே ஒரு நாளைக்கு மூணு தடவை எழுந்து உக்காந்தாச்சு. அதுக்கப்புறம் பாத்ரூம், அதுக்கப்புறம் வராண்டா, ட்ரிப்ஸ் ஸ்டாண்ட நீங்க தள்ளிக்கிட்டே கூட நடக்கலாம்.

இருக்குறதுலயே நல்ல பயிற்சி சேர்ல இருந்து எழுந்து உக்கார்றது. முதல்ல கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு, சேர் மேல ஒரு தலகாணி போட்டு உசரமாக்கி, அஞ்சு தடவை. பழகினதும் தலகாணிய எடுங்க, அப்புறம் கைய மார்ல கட்டிக்கிட்டு. ஸ்பெயின்ல பாம்ப்லோனா ஊர் ஆஸ்பத்திரியில 75 வயசுக்கு மேல உள்ள 370 பேர வெச்சு பாத்தாங்க, சராசரி வயசு 87, அதுவும் 2019-ல வந்ததுதான். நாளைக்கு ரெண்டு வேளை, 20 நிமிஷம், இந்த மாதிரி எழுந்து உக்கார்றது, கால் பயிற்சி, நடை. அன்றாட வேலைய தானே செய்யுற திறமைய 100-க்கு மார்க் போடுற அளவுகோல் ஒண்ணு இருக்கு, அதுல சும்மா வழக்கமான கவனிப்புல இருந்தவங்க டிஸ்சார்ஜுக்குள்ள 5 மார்க் இழந்தாங்க, பயிற்சி செஞ்சவங்க ரெண்டு மார்க் கிட்ட ஏறினாங்க. 87 வயசுல.

பிடிக்கிற விதம் ரொம்ப முக்கியம். கையப் பிடிச்சு இழுக்காதீங்க, அக்குள்ல தூக்காதீங்க, தோள் கழண்டுடும். இடுப்புல ஒரு துண்டையோ அகலமான பெல்ட்டையோ கட்டி அத பிடிங்க, பலவீனமான பக்கம் நீங்க நில்லுங்க. வேட்டி வேண்டாம், தடுக்கும், அரை டவுசரோ பைஜாமாவோ போடுங்க. நைட்டி தரைய தொட்டா ஊக்கு குத்தி தூக்கி விடுங்க. ரப்பர் செருப்பும் ஈர பாத்ரூமும் சேர்ந்தா அம்மா மாதிரி இடுப்புதான், பின்னாடி வார் இருக்குற செருப்பு வாங்குங்க. நெஞ்சுவலி, மூச்சு வாங்குறது, கண் இருட்டுறது, புதுசா ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, எது வந்தாலும் நிறுத்திட்டு சிஸ்டர கூப்பிடுங்க.

இடுப்பு ஆபரேஷன்னா எவ்வளவு நாள் படுக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க. மறுநாளே எழுப்புறதுதான் இப்ப வழக்கம். அம்மாவ மறுநாள் காலையில பிசியோ வந்து நிக்க வெச்சப்ப பெரியம்மா "எலும்பு ஒட்டவே இல்ல, பாவிங்களா"ன்னு அழுதாங்க. அந்த எலும்பு எடைய தாங்குற மாதிரிதான் பொருத்தியிருக்காங்கன்னு சொல்லி புரிய வைக்க பிசியோ தம்பிக்குத்தான் பயிற்சிய விட அதிக நேரம் ஆச்சு. வலி மாத்திரைய நடக்குறதுக்கு அரை மணி முன்னாடி குடுக்க முடியுமான்னு கேளுங்க, பாதி பயம் போயிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் அன்னைக்கு எடைய மறுபடி போட்டு நோட்டுல எழுதுங்க. பிசியோ என்னென்ன பயிற்சி, எத்தனை தடவைன்னு எழுதி வாங்கிக்குங்க, முடிஞ்சா அவர் செஞ்சு காட்டுறத போன்ல வீடியோ எடுங்க. அந்த பால், முட்டை, பருப்பு கணக்கு வீட்டுலயும் ரெண்டு மூணு மாசமாவது ஓடணும், வந்த மறுநாளே பழைய ரசம் சாதத்துக்கு திரும்பினா வார்டுல பட்ட பாடு வீண். இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்குற வீடுன்னா கமோடு சேர் வாங்கிடுங்க, பாத்ரூமுக்கு ராத்திரி லைட் எரியட்டும்.

தமிழ்நாட்டுல இருக்குறவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்தி கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே பிசியோ வர்ற ஏற்பாடு அதுல உண்டு. சென்னைன்னா கிண்டியில தேசிய முதியோர் மருத்துவ மையம் இருக்கு, 2024-ல திறந்தது, முதியோர் வைத்தியத்துக்குன்னே உள்ள அரசு ஆஸ்பத்திரி.

வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில, அரை நிமிஷத்துல சேர்ல இருந்து எத்தனை தடவை எழுந்து உக்கார்றாங்கன்னு எண்ணி தினசரி காலண்டர் தாள் பின்னாடி எழுதுங்க. அம்மாவுக்கு முதல் ஞாயிறு கைப்பிடி பிடிச்சு 3, ஆறாவது ஞாயிறு பிடிக்காம 8. ரெண்டு வாரமா எண்ணிக்கை ஏறவே இல்லைன்னாலோ, எடை இறங்கிக்கிட்டே போனாலோ, ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம அந்த தாளையும் நோட்டையும் எடுத்துக்கிட்டு ஓ.பி-க்கு போயிடுங்க.